அடுக்குப் பலகையில் ஆன்மா எங்கே?

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்ஸோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பில் ஏழடிக்கு மேல் உயரமான ஒரு கடிகாரம் இருக்கிறது. நெடுநாளைக்கு ஊருக்குப் போகிறவர்கள் தூசு படியாமல் இருக்க நெட்டை ஊசல் கடிகாரத்தின் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, இடையில் கயிறு கட்டிவிட்டுப் போனது போன்ற தோற்றம். துணியின் மடிப்புகள் தளர்ந்து விழுகின்றன. கயிறு இறுக்கிய இடத்தில் சுருக்கம் தெரிகிறது. கீழே பழுப்பு நிற அடிப்பாகம் எட்டிப் பார்க்கிறது. கிட்டே போனால்தான் விஷயம் புரியும்: துணி கிடையாது, கயிறு கிடையாது, கடிகாரமும் கிடையாது. எல்லாமே மகாகனி மரம். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் பெருங்கட்டையாக்கி, அதைச் செதுக்கி, துணியாகத் தெரிய வேண்டிய பகுதியை வெளுக்கச் செய்து, அடிப்பாகத்துக்குச் சாயமேற்றி 1985இல் இதை முடித்தவர் வெண்டல் காஸில் என்ற அமெரிக்கச் சிற்பி. ‘ஆவிக் கடிகாரம்’ என்று பெயர். பதின்மூன்று கடிகாரங்கள் கொண்ட வரிசையில் இது கடைசி. மற்றவற்றுக்குள் இயந்திரம் உண்டு, இதற்குள் இல்லை.

திருமந்திரத்தில் வரும் மரயானை தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. யானை என்று பார்ப்பவன் கண்ணுக்கு மரம் தெரியாது. மரம் என்று பார்ப்பவன் கண்ணுக்கு யானை தெரியாது. திருமூலர் இதைப் பரம்பொருளுக்கும் உலகத்துக்கும் உள்ள உறவைச் சொல்லக் கையாண்டார். காஸிலின் வேலையைப் பற்றி யோசிக்கும்போது அந்த யானையில் விட்டுப்போன ஒரு கேள்வி எழுகிறது. அது ஒரு பொம்மை. அதை வைத்து விளையாடப் போகிற குழந்தை ஒன்று உண்டு. மரமா யானையா என்ற தர்க்கத்தில் அந்தக் குழந்தைக்கு இடம் எங்கே? செய்பொருளின் மேன்மையை ஒரு சாரார் அதன் மூலப்பொருளில் தேடுகிறார்கள். இன்னொரு சாரார் அது எதற்கும் பயன்படாமல் வெறுமனே இருப்பதில் தேடுகிறார்கள். இரண்டு இடத்திலும் அது இல்லை, பொருளை நோக்கி வருகிற மனித உடலோடு அது என்ன பேசுகிறது என்பதில்தான் இருக்கிறது என்பது என் வாதம். பலகைகளை ஒட்டிச் செதுக்கிய நாற்காலிகள் இதற்கு நல்ல சாட்சி.

காஸில் 1932இல் கான்ஸஸ் மாநிலத்தின் எம்போரியாவில் பிறந்தார். கான்ஸஸ் பல்கலைக்கழகத்தில் முதலில் தொழில்துறை வடிவமைப்பும் பிறகு சிற்பமும் படித்தார். 1962இல் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தின் கைவினைப் பள்ளியில் ஆசிரியரானார். பின்னர் நியூயார்க் மாநிலத்தின் ஸ்காட்ஸ்வில்லில் பட்டறை அமைத்து, 2018 ஜனவரியில் இறக்கும்வரை அங்கேயே வேலை செய்தார். அவர் கையாண்ட முறை எளிமையாகத் தோன்றும். செய்ய வேண்டிய வடிவத்தை, மலையின் சமவுயரக் கோட்டு வரைபடம்போல, கிடைமட்டத் துண்டுகளாக வரைந்துகொள்வார். ஒவ்வொரு துண்டுக்கும் ஏற்ற அளவில், இழைத்துச் சமன்படுத்திய பலகைகளை அறுத்துப் பசை தடவி அடுக்கிக் கிளாம்பால் இறுக்குவார். பசை காய்ந்ததும் படிப்படியாக ஏறி இறங்கும் ஒரு குன்று கிடைக்கும். அந்தப் படிகளை ரம்பத்தாலும் உளியாலும் அரத்தாலும் தேய்த்து வழவழப்பாக்கினால் நாற்காலி. தண்ணீரில் மிதக்கவிட்டு நிஜ வாத்துகளை ஏமாற்றிக் கூப்பிட வேட்டைக்காரர்கள் பொம்மை வாத்து செய்வார்களே, அதற்குப் பலகையை ஒட்டும் முறையைச் சிறு வயதில் படித்ததிலிருந்து தனக்கு இந்த யோசனை வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். திருமூலரின் யானை மனிதரைத்தான் மயக்கியது, இந்த வாத்து வாத்துகளையே மயக்கியது. அடுக்கி ஒட்டுவதில் லாபம் என்னவென்றால், இத்தனை அடிப் பருமனுள்ள மரம் வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். பெரிய கட்டை உலரும்போது வெடிப்பு விடும் என்ற பயம் வேண்டாம். கிளைபோல வளைந்து எழும், யானைத் துதிக்கைபோல நீளும் எந்த உருவத்தையும் எழுப்பலாம். மரத்தைப் பற்றி அவருக்குப் பெரிய பக்தி ஒன்றும் கிடையாது. 1960களின் கடைசியில் கண்ணாடியிழைப் பிளாஸ்டிக்குக்கே தாவி, கடைவாய்ப் பல் மாதிரி வீங்கிய நாற்காலிகளை வார்த்தார்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நின்றவர் ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானியப் பெற்றோருக்கு 1905இல் அமெரிக்காவில் பிறந்தவர், கட்டடக் கலை படித்தவர். கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்டின் அலுவலகத்தில் சேர்ந்து, 1937இல் அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டா’ விடுதியின் கட்டுமானத்தைக் கவனிக்கப் புதுச்சேரிக்கு வந்தார். வந்தவர் ஆசிரமவாசியே ஆனார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தர் என்று பெயர் வைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்த முகாமில் ஒரு ஜப்பானியத் தச்சரிடம் தொழில் நுணுக்கம் கற்றார். 1943இல் விடுதலையாகி, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை போட்டார். 1981இல் அவர் எழுதிய புத்தகத்தின் பெயரே ‘ஒரு மரத்தின் ஆன்மா’. மரம் செத்தபின் அதன் உள்ளே இருக்கும் ஒன்றை வெளிக்கொணர்ந்து அதற்கு இரண்டாம் வாழ்வு தருவதே தச்சன் வேலை என்று அவர் நம்பினார். அதனால் பலகையின் ஓரத்தை நேராக அறுக்காமல் மரத்தின் இயல்பான வளைவை அப்படியே விட்டார். முடிச்சையும் பிளவையும் மறைக்கவில்லை. பிளவு மேலும் ஓடாதபடி வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டைகளைப் பொருத்தினார். இவருடைய மேசையைப் பார்த்துவிட்டுக் காஸிலின் நாற்காலியைப் பார்ப்பவருக்கு அது ஏதோ தர்மத்துக்கு விரோதமாகத் தோன்றுவது இயற்கை. ஒன்றின் வடிவம் மரத்துக்குள்ளேயே இருந்து வெளிவந்தது. மற்றது, ஊர்பேர் தெரியாத பலகைகளைப் பசையில் கட்டிச் செய்தது. முன்னதில் ஆன்மா இருக்கிறது என்றால் பின்னதில் அது எந்தப் பலகையில் இருக்கிறது, நான்காவதிலா பதினேழாவதிலா?

கேள்வி கேலியாகத் தோன்றினாலும் பழைய பௌத்த வாதத்தின் சாயல் அதில் இருக்கிறது. மிலிந்த மன்னனிடம் நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்டது இதைத்தான்: அச்சா தேர், சக்கரமா தேர், நுகமா தேர்? எதுவுமில்லை என்றால் தேர் எங்கே? மனிதனும் ஐந்து கந்தங்களின் அடுக்கு என்பதை நம் மணிமேகலையும் எடுத்துப் பேசுகிறது. அந்தக் ‘கந்தம்’ வடமொழி ‘ஸ்கந்த’ என்பதன் தமிழ் வடிவம். அந்தச் சொல்லுக்குக் குவியல், அடுக்கு என்ற பொருள் உண்டு. மரத்தின் அடிமரம் என்ற பொருளும் உண்டு. சொல்லின் தற்செயல்தான் இது, வாதத்துக்கு ஆதாரமாகாது. ஆனால் மரத்தின் உடலைப் பார்த்தால் ஆதாரமும் கிடைக்கிறது. பட்டைக்குச் சற்று உள்ளே மெல்லியதாக ஓடும் உயிரடுக்கு ஒன்று ஆண்டுதோறும் உள்பக்கமாக ஒரு படலத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறது. அந்தப் படலங்கள்தான் நாம் எண்ணும் வளையங்கள். வைரம் பாய்ந்த நடுமரம் என்று நாம் மெச்சுவது, மரம் உயிரோடு நிற்கும்போதே செத்துவிட்ட பகுதி. உயிர், ஓரத்தில் ஒரு தோல் அளவுக்கே இருக்கிறது. பழைய அடுக்குகளைத் தாங்குதூணாக விட்டுவிட்டு மரம் வெளிப்பக்கமாகத் தன்னைக் கட்டிக்கொண்டே போகிறது. ஆக முழுமரம் என்பதும் அடுக்கிய பொருள்தான். அடுக்கியவர் யார் என்பதில்தான் நகாஷிமாவின் கட்டையும் காஸிலின் கட்டையும் வேறுபடுகின்றன.

அப்படியானால் இரண்டும் ஒன்றா என்று ஒருவர் மறுக்கலாம். மரம் தன் அடுக்குகளை ஒரே உயிரின் தொடர்ச்சியாகக் கட்டியது, பட்டறைக்காரர் பத்து மரங்களின் துண்டுகளைப் பசையால் கட்டினார், இதையெல்லாம் ஒன்றாக்கினால் உயிர் என்ற சொல்லுக்கே மதிப்பில்லை என்பார். நியாயமான மறுப்பு. இதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். உயிரின் தொடர்ச்சி ஒரு நிஜமான வேறுபாடு. ஆனால் அந்தத் தொடர்ச்சி மரத்தின் பெருமை. மேசையின் பெருமையாக அது தானாக மாறிவிடாது. நகாஷிமாவின் பலகை மேசையாவதற்கு எத்தனையோ விஷயங்களை அவர் தன் கண்ணாலும் கையாலும் தீர்மானிக்க வேண்டியிருந்தது: எந்தப் பக்கம் மேலே, எவ்வளவு உயரம், உட்காருபவர் முழங்கால் எங்கே போகும். மரத்தின் ஆன்மா இதில் எதையும் சொல்லித் தரவில்லை. மறுபக்கம், காஸில் மரத்தைக் களிமண்போல நினைத்தாலும் மரம் களிமண்ணாக இருக்க ஒப்புக்கொள்ளவில்லை. பசை போட்ட பலகைகளும் மழைக்காலத்தில் ஈரம் வாங்கி விரியும், வெயிலில் சுருங்கும். இழை ஒரே திசையில் ஓடும்படி அடுக்காவிட்டால், ஒரு பலகை ஒரு பக்கம் இழுக்க இன்னொன்று மறுபக்கம் இழுத்து, ஒட்டு விட்டுப்போகும். சரியாகப் பதம் பண்ணாத மரத்தைச் சேர்த்தால் அது சில ஆண்டு கழித்துக் காட்டிக்கொடுக்கும். நம் ஊர் ஆசாரிகளுக்கு இதெல்லாம் பாலபாடம். ஆகையால் மரத்துக்கு ஒரு விருப்பம் உண்டு என்பதை இரண்டு பேருமே ஏற்க வேண்டியிருந்தது. ஒருவர் அதை ஆன்மா என்றார், மற்றவர் அதை ஒட்டு விடாமல் இருப்பதற்கான நிபந்தனையாகப் பார்த்தார்.

பொருளின் மூலம் எதுவோ அதுதான் அதன் புனிதம் என்ற எண்ணத்தை மதங்களே பல இடங்களில் கைவிட்டிருக்கின்றன. தமிழ்நாட்டுக் கோயில்களில் திருப்பணி நடக்கும்போது பாலாலயம் செய்வார்கள். மூலவரின் ஆற்றலைக் கும்பத்துக்கு ஏற்றி, அங்கிருந்து அத்திமரப் பலகையில் எழுதிய உருவத்துக்கு மாற்றி, வேலை முடியும்வரை அந்தப் பலகைக்கே பூசை செய்வது பல கோயில்களில் வழக்கம். குடமுழுக்கு ஆனதும் ஆற்றல் திரும்பக் கல்லுக்குப் போய்விடும். நேற்று வரை தெய்வமாக இருந்த பலகை இன்று பலகை. புரியில் ஜகந்நாதரின் வேப்பமர உருவங்களையே புதுப்பிக்கிறார்கள். 1996இலும் 2015இலும் பழையவற்றைப் புதைத்துவிட்டுப் புதியவற்றை அமைத்தார்கள். மரத்தைத் தேர்ந்தெடுக்கக் கடுமையான அடையாளங்கள் சொல்லப்பட்டிருக்கின்றனவே, மூலப்பொருளுக்கு மதிப்பில்லை என்றால் அத்தனை நிபந்தனை எதற்கு என்று கேட்கலாம். அந்த நிபந்தனைகள் மரத்தைவிட அதிகமாகத் தேடுகிறவரைக் கட்டுப்படுத்துகின்றன. நாள்கணக்காக நடந்து, விரதமிருந்து, காத்திருந்து கண்டுபிடிக்கும் கவனம்தான் அங்கே முதல் காணிக்கை. எபிரேய வேதத்தில் ஏசாயாவின் 44ஆம் அதிகாரம் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறது. ஒருவன் மரத்தை வெட்டுகிறான், பாதியை எரித்துக் குளிர்காய்ந்து ரொட்டி சுடுகிறான், மீதிப் பாதியைத் தெய்வமாகச் செதுக்கி அதன் முன் விழுகிறான். தீர்க்கதரிசியின் ஏளனம் கூர்மையானது. ஆனால் அது ஒரு கணக்கை முன்வைத்தே வேலை செய்கிறது: ரொட்டி சுட்ட பாதியும் கும்பிட்ட பாதியும் ஒரே மரம், எனவே மதிப்பும் ஒன்று. மதிப்பு மரத்தில் இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு செல்லும். ஒரே பருத்தியில் கைக்குட்டையும் நெய்கிறோம், பிணத்தின் மேல் போர்த்தும் கோடியும் நெய்கிறோம். யாரும் குழம்புவதில்லை.

இனி மற்ற முகாம். 1835இல் பிரெஞ்சு எழுத்தாளர் தெயோஃபில் கோத்தியே தன் நாவலின் முன்னுரையில், எதற்கும் உதவாததுதான் உண்மையான அழகு என்று அடித்துச் சொன்னார். வீட்டில் மிகவும் பயனுள்ள இடம் கழிப்பறை என்றும் சேர்த்துக்கொண்டார். வேடிக்கையாகச் சொன்னதுதான், ஆனால் இருநூறு ஆண்டுகளாக நம் காட்சிக்கூடங்கள் அந்த வேடிக்கையை வேதமாக வைத்து நடக்கின்றன. சிற்பத்துக்கு ஓர் அறை, நாற்காலிக்கு வேறு அறை. இதற்குத் தத்துவ அடித்தளம் காண்ட் 1790இல் எழுதிய நூலில் இருப்பதாகச் சொல்வார்கள்: அழகை ரசிப்பதில் விருப்பு வெறுப்போ ஆதாயமோ கலக்கக் கூடாது. ஆனால் காண்டை முழுதாகப் படித்தால் அவர் இவ்வளவு கறாராக இல்லை. தன்னளவில் நிற்கும் அழகு, ஒரு நோக்கத்தைச் சார்ந்து நிற்கும் அழகு என்று இரண்டை அவர் பிரிக்கிறார். தேவாலயமும் அரண்மனையும் இரண்டாவதில் வருகின்றன. பயனுள்ளது அழகாக இருக்க முடியாது என்று அவர் சொல்லவில்லை. இன்னும் சுவாரசியமான விஷயம், இந்தப் ‘பற்றற்ற ரசனை’ எங்கிருந்து வந்தது என்பது. காண்டுக்கு முன் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு, கடவுளைக் கூலிக்காகவோ நரக பயத்துக்காகவோ நேசிப்பதைக் கண்டித்து, கடவுளைக் கடவுளுக்காகவே நேசிக்க வேண்டும் என்று வாதிட்டார். அழகைப் பற்றிய பேச்சில் பற்றின்மை புகுந்தது அந்த வழியில்தான் என்று இருபதாம் நூற்றாண்டின் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கடவுளிடம் கைநீட்டாதே என்ற பக்திநெறி, கலைப்பொருளைக் கையால் தொடாதே என்ற அறிவிப்புப் பலகையாக இறங்கி வந்திருக்கிறது.

நடுவில் ஒரு வழுக்கல் நடந்திருக்கிறது. வரம் கேட்காமல் அன்பு செய்வது வேறு, தொடாமல் அன்பு செய்வது வேறு. பற்றற்ற பக்தியைப் பாடிய அதே தமிழ்ச் சமயம் தெய்வத்தை நீராட்டியது, உடுத்தியது, தூக்கிச் சுமந்தது, ஊஞ்சலாட்டியது, பள்ளியறையில் தூங்கவைத்தது. சோழர்காலச் செப்புத் திருமேனிகளின் பீடத்தில் வளையங்களையும் துளைகளையும் பார்க்கலாம். தண்டு கோத்து வீதியில் சுமந்து செல்ல அமைத்தவை அவை. இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் அந்தத் திருமேனிகளைப் பார்ப்பவர் முகத்தையும் கைகளையும் பார்த்துவிட்டுப் போகிறார், வளையத்தைக் கவனிப்பவர் குறைவு. இந்தப் பிரிவினையை நூறு ஆண்டுக்கு முன்பே கடிந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877இல் ஈழத் தமிழரான முத்துக் குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்து, மண்ணியல் படித்து, இலங்கையின் கைவினைஞர்களைத் தேடிப் போய் 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிப் பெருநூல் எழுதினார். 1917 முதல் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பொறுப்பு வகித்தார். அருங்காட்சியகத்தில் உட்கார்ந்துகொண்டே, இங்கே வைத்திருப்பவை யாவும் ஏதோ ஒன்றுக்காகச் செய்யப்பட்டவை, அந்த ‘எதற்காக’ என்பதை விட்டுவிட்டு இவற்றை ரசிப்பது அரைகுறை என்று அவர் வாதாடினார். அவருடைய பழமைவாதத்தில் எனக்கு உடன்பாடில்லாத பகுதிகள் நிறைய. குலத்தொழில் முறையை அவர் பார்த்த கண்ணில் அதன் கொடுமைக்கு இடமே இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரை மறுக்க வழி தெரியவில்லை.

சரி, பயன் என்றால் என்ன? ஜெர்மன் சிந்தனையாளர் ஹெர்டர் 1778இல் சிற்பம் பற்றி ஒரு நூல் எழுதினார். கண் பரப்பைத்தான் தரும், கனத்தையும் வளைவையும் உள்வாங்குவது தொடுகை, எனவே சிற்பம் தொடுகையின் கலை என்பது அதன் மையம். இதை ஏற்றால் விசித்திரமான முடிவுக்கு வருகிறோம். தொடுகைக்கான கலையைத் தொடக் கூடாது என்று கயிறு கட்டி வைத்திருக்கும் காலத்தில், உடல் முழுவதையும் கொடுத்து ஒரு சிற்பத்தை அறிய அனுமதி உள்ள ஒரே இடம் நாற்காலிதான். நாற்காலியில் உட்காருவது சிற்பத்தைப் பயன்படுத்தித் தேய்ப்பதாகத் தோன்றலாம். ஹெர்டர் வழியில் பார்த்தால் அதுதான் சிற்பத்தை வாசிப்பது. முதுகும் தொடையும் உள்ளங்கையும் சேர்ந்து வாசிக்கின்றன. கலைஞர்களை நாட்டைவிட்டு விரட்டியவர் என்று பெயரெடுத்த பிளேட்டோ, ‘குடியரசு’ என்ற தன் நூலின் பத்தாம் பகுதியில் கட்டில் உதாரணத்தை எடுத்துக்கொண்டு, ஓவியனுக்கு மேலே தச்சனை வைக்கிறார். அதோடு நிற்காமல், ஒரு பொருளைப் பற்றி உண்மையில் அறிந்தவர் அதைப் பயன்படுத்துபவர், குழலைப் பற்றிக் குழல் வாசிப்பவரே செய்பவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறார். திருமூலரின் யானையில் விட்டுப்போன குழந்தைக்கு இங்கே இடம் கிடைக்கிறது. அதுவும் முதல் இடம்.

இதற்கு எழக்கூடிய வலுவான எதிர்ப்பு பிளாஸ்டிக் நாற்காலியிடமிருந்து வருகிறது. பயன்தான் அளவுகோல் என்றால் கல்யாண மண்டபத்திலும் டீக்கடையிலும் சாவு வீட்டு வாசலிலும் நாடு முழுவதும் உட்கார வைக்கும் அந்த வார்ப்பு நாற்காலியல்லவா மகத்தான கலை? அதை நான் இகழ மாட்டேன். ஒரு சமூகம் சமமாக உட்காருவதில் அதற்குப் பங்குண்டு. முன்பு யார் திண்ணையில், யார் தரையில் என்று வகுத்து வைத்திருந்த இடங்களில் அது எல்லாருக்கும் ஒரே உயரம் கொடுத்தது. ஆனால் அந்த நாற்காலி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அமைதியாகிவிடுகிறது. எங்கே உட்காருவது, எப்படி உட்காருவது என்று அது நம்மை யோசிக்க விடுவதில்லை. அதன் வடிவத்தில் பாதி, லாரியில் ஒன்றுக்குள் ஒன்று அடுக்குவதற்காக அமைந்தது. காஸிலின் செதுக்கிய இருக்கைகளில் பல, முதலில் உடலிடம் கேள்வி கேட்கின்றன: இது மரத்தின் வேரா, விலங்கின் முதுகா, இதில் முன்பக்கம் எது, நான் எந்தப் பக்கம் சாய? பதிலைக் கண்ணால் முழுதும் கண்டுபிடிக்க முடியாது. உட்கார்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். கருவி பதில் சொல்கிறது, கலை கேட்கிறது என்று பிரித்துச் சொல்வது வழக்கம். இங்கே கேள்வியும் பதிலும் ஒரே வளைவில் இருக்கின்றன.

அந்த இருக்கைகளில் யார் உட்காருகிறார்கள், பெரும்பாலும் அருங்காட்சியகத்திலும் செல்வந்தர் வீட்டிலும் கயிறு கட்டி நிறுத்தியிருக்கிறார்களே என்றால், அது உண்மை. இதில் சமாதானம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஐம்பது ஆண்டு யாரும் உட்காராத நாற்காலி மெல்ல மெல்ல நாற்காலியின் படமாகிக்கொண்டிருக்கிறது, வளையத்தில் தண்டு கோக்காத திருமேனியைப்போல. நஷ்டம் நஷ்டம்தான். ஆனால் இது என் வாதத்துக்கு எதிரான சான்று ஆகாது. பயன் நின்றதும் ஏதோ குறைந்துவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறதே, பயன் மேலே பூசிய சாயமாக மட்டும் இருந்திருந்தால் அப்படித் தோன்ற வேண்டியதில்லை. கடைசி ஆண்டுகளில் காஸில் தன் பட்டறையில் ரோபோ கையை வைத்துச் செதுக்க வைத்தார். 2015இல் நியூயார்க்கின் கலை வடிவமைப்பு அருங்காட்சியகம், அவருடைய பழைய வேலைகளையும் எண்ணியல் கருவிகளின் துணையோடு செய்த புதிய வேலைகளையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தது. கை செய்யாதது கலையா என்று வருந்துபவர்களுக்கு, எந்தப் பலகையை எங்கே வைப்பது, எந்த வளைவு முதுகைத் தாங்கும் என்பதைத் தீர்மானித்தது யார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம். ரம்பம் வந்தபோதும் இதே வருத்தம் இருந்திருக்கும்.

மிஞ்சியிருப்பது ஆவிக் கடிகாரம். பயனைப் பற்றி இத்தனை பேசிய பிறகு, காஸிலின் வேலைகளில் அதிகம் பேசப்படும் ஒன்று மணியே காட்டாத கடிகாரம் என்பது கோத்தியேவின் கட்சிக்கு வெற்றி போலத் தோன்றும். நான் அப்படிப் பார்க்கவில்லை. நின்றுபோன கடிகாரத்தின் மௌனம் நம்மைத் தைப்பது, கடிகாரம் ஓட வேண்டிய பொருள் என்பதால்தான். பாறை ஓடவில்லை என்று யாரும் திடுக்கிடுவதில்லை. பயனின்மை அங்கே பயனிடம் கடன் வாங்கித்தான் பேசுகிறது. மணி காட்டும் பன்னிரண்டு கடிகாரங்கள் முன்னால் இருக்கப்போய்த்தான் பதின்மூன்றாவது மௌனமாக இருக்க முடிந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிதம்பரத்தில் திரையை விலக்கினால் வெட்டவெளியைக் காட்டுவார்கள். உருவமில்லாததே அங்கு ரகசியம். இந்தக் கடிகாரத்தின் திரையையோ விலக்கவே முடியாது. துணியும் அது மூடியிருப்பதாக நாம் நினைக்கும் பொருளும் ஒரே பசையில் ஒட்டிய ஒரே மரம். திரைக்குப் பின்னால் ஓர் உண்மைப் பொருள் ஒளிந்திருக்கிறது, பலகைக்கு உள்ளே ஓர் ஆன்மா ஒளிந்திருக்கிறது என்று தேடும் பழக்கத்தை இந்த வேலை நம் எதிரிலேயே நிறுத்தி வைத்துக் காட்டுகிறது. விரல் நுனியால் ஒருமுறை தொட்டால் மயக்கம் தெளிந்துவிடும். தொடக் கூடாது என்பதால் மயக்கம் நீடிக்கிறது.

மரத்தின் ஆன்மாவை நம்பிய நகாஷிமா தன் முதுமையில், ஒவ்வொரு கண்டத்துக்கும் ஓர் அமைதி மேசை செய்ய நினைத்தார். முதலாவது 1986இல் நியூயார்க்கின் புனித யோவான் பேராலயத்துக்குப் போனது. ஒரு மாபெரும் வால்நட் மரத்தின் இரண்டு பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் வண்ணத்துப்பூச்சிக் கட்டைகளால் இணைத்திருக்கிறார். ஆசியாவுக்கான மேசை, அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து, புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. அவர் அவற்றுக்கு வைத்த பெயர் பலிபீடம். ஆரோவில்லில் அதை மேசை என்றே சொல்கிறார்கள்.